டிராக்டரில் போன நாளைச் சொல்லப் போய்

போன வருடம் ஐப்பசி மாதம், குன்னூருக்குக் கீழே இருக்கும் எங்கள் தேயிலை எஸ்டேட்டில், வேலையாட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் நடந்தது இது. ஞாயிற்றுக்கிழமை. மழை விடவில்லை, கரண்டும் இல்லை. அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயைத் திறக்கவே கூசுகிற ஆள் நான். படிப்பும் அஞ்சாவதோடு சரி. இதை எழுதலாமா என்றே பல நாள் யோசித்தேன்.

என் மகள் குன்னூரில் ஒரு தேயிலை ஏல ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை பார்த்து வந்தாள். மாதம் பிறந்தால் சம்பளம், ஞாயிறு லீவு, மழையில் நனையாத வேலை. காலமெல்லாம் அட்டைப்பூச்சிக் கடியில் தேயிலைக் கொழுந்து பறித்த எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் கொஞ்ச நாளாக அவள் முகம் சரியில்லை. ஆபீஸ் விட்டு வந்தால் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவாள்.

அன்று போனில் ஏதோ வகுப்பு கேட்டுக்கொண்டிருந்தாள். நமக்கு நிறைவு தரும் வேலை எது என்று நம்மை நாமே தெரிந்துகொள்ளும் பயிற்சியாம். எந்த நேரத்தில் மனசு லேசாக இருந்தது என்று தினமும் கவனிக்க வேண்டுமாம். பிறகு, நம்மை நன்றாகத் தெரிந்தவர் ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டுமாம். எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, நான் என்ன செய்யறப்ப என்னையே மறந்து சந்தோசமா இருந்து நீ பாத்திருக்கே?"

எனக்கு வேறு நினைப்பு. "ஏங் கண்ணு, மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க கேக்கச் சொன்னாங்களா?" என்றேன்.

"மாப்பிள்ளையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. யோசிச்சுச் சொல்லும்மா."

யோசித்தேன். ஒன்றே ஒன்றுதான் ஞாபகம் வந்தது. அவள் பன்னிரண்டாவது படித்த சமயம். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வலி கண்டுவிட்டது. மேல் ரோட்டில் மண் சரிந்து, ஜீப் எதுவும் கீழே வர வழியில்லை. கொழுந்து மூட்டை ஏற்றும் டிராக்டரில், மூட்டைகளின் மேல் கம்பளி விரித்து அவளைப் படுக்கவைத்து, தோட்டத்துப் பாதை வழியாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். பெரியவர்கள் நாங்களெல்லாம் சாமியைக் கூப்பிட்டுக் கத்தினோமே தவிர, கை ஓடவில்லை. என் மகள்தான் அவள் தலையை மடியில் வைத்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தாள். பாதி வழியிலேயே குழந்தை பிறந்துவிட்டது. தன் துப்பட்டாவில் சுற்றி வாங்கியதும் அவள்தான். அந்தப் பையனை லைனில் இன்றைக்கும் டிராக்டர் என்றுதான் கூப்பிடுகிறோம்.

"அன்னிக்கு ஊட்டுக்கு வந்து பாட்டுப் பாடிக்கிட்டே ரத்தத் துணிய அலசினே. அந்த மாதிரி உன் மூஞ்சிய நான் அதுக்கு முன்னயும் பாக்கல, பின்னயும் பாக்கல" என்றேன்.

அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். நானும் அதை மறந்துபோனேன்.

அந்த மாதக் கடைசியில் வந்து சொல்கிறாள், ஆபீஸ் வேலையை விட்டுவிட்டாளாம். ஆம்புலன்ஸில் நோயாளி பக்கத்தில் இருந்து முதலுதவி செய்யும் வேலைக்குச் சேர்ந்துவிட்டாளாம். எனக்குக் காது அடைத்துக்கொண்டது. அவள் வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

"யாரக் கேட்டு விட்டே?" என்றேன்.

"உன்னத்தாம்மா கேட்டேன்."

விஷயம் தெரிந்து டிராக்டரின் அம்மாவே வாசலுக்கு வந்து, "ஏனுங்கக்கா, நெழல்ல இருந்த புள்ளைய ரோட்டுக்கு அனுப்பிட்டீங்களே, இனி எவன் கட்டிக்க வருவான்?" என்றாள்.

உள்ளே இருந்து என் மகள், "அடுத்த பிரசவம்னா சொல்லியனுப்புங்கக்கா, நானே வர்றேன்" என்றாள். வந்தவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொண்டை ஊசி வளைவு, பனி மூட்டம், குறுக்கே வரும் காட்டெருமை எல்லாம் கண்முன் வந்தன. பயிற்சி முடிந்து அவள் யூனிஃபார்ம் போட்டு வேலைக்குக் கிளம்பிய நாளில்கூட நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

தை மாதம் ஒருநாள் குன்னூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். சைரன் கேட்டு டிரைவர் பஸ்ஸை ஓரம் கட்டினார். எதிரே வந்த லாரி பின்னால் நகர்ந்து வழிவிடும்வரை, ஆம்புலன்ஸ் என் ஜன்னலுக்குக் கீழேயே நின்றது. அதன் கண்ணாடி கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளே ஒரு பெரியவர். தலையெல்லாம் ரத்தம். அதை அழுத்திப் பிடித்திருந்தது என் மகளின் கை. அவள் என்னைப் பார்க்கவில்லை. அவரைத் தவிர எதையும் பார்க்கவில்லை. என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

வண்டி போனதும் பக்கத்து சீட்டுக்காரம்மா, "சின்னப் புள்ளையா இருக்குது பாவம். பெத்தவங்க எப்படித்தான் இந்த வேலைக்கு அனுப்பறாங்களோ" என்றார்.

"நாந்தானுங்க அனுப்பினேன்" என்றேன்.

பஸ்ஸில் ஊர் பேர் தெரியாத ஒருவரிடம் நான் பேசியதே இல்லை. என் குரலைக் கேட்டு நானே அதிர்ந்துபோனேன். சைரன் கேட்டால் இன்றும் எனக்குப் பயம்தான். ஆனாலும் என் பிள்ளையின் முகம் எப்போது மலர்ந்தது என்று அவள் கேட்டபோது, சொல்வதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்ததே, அதை நினைத்தால் அந்தப் பயத்தையும் தாங்கிக்கொள்ள முடிகிறது.