வயிற்று நீர், ஒரு பாட்டில்

கல்யாணமாகி நான்காம் வருஷம் என் வீட்டுக்காரருக்கு வயிறு ஊதத் தொடங்கியது. கை கால் வற்ற வற்ற வயிறு மட்டும் பளபளவென்று. குடிக்கிற ஆள் இல்லை. எப்போதோ மஞ்சள் காமாலை வந்து, கீழாநெல்லி அரைத்துக் குடித்து, மறந்திருந்தார்.

"ஏரி ரொம்பிப் போச்சி, மதகத் தொறக்கத்தான் ஆளக் காணோம்" என்று தன் வயிற்றைத் தட்டி அவரே சிரித்தார்.

உத்திரமேரூர் பஜாரில் இருந்த டாக்டர் திறந்தார். ஊசி, ரப்பர் குழாய், கீழே பேசின். வைக்கோல் நிறத்தில் இறங்கியது. உடம்புக்குள்ளிருந்து வருவதாகவே தெரியவில்லை, அவ்வளவு சாதாரணத் தண்ணீர். அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சுவர்க் காலண்டரில் கிழிக்காமல் விட்ட தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் எங்கள் இருவருக்கும் பொறுமையாகச் சொன்னார். "ரத்தக் குழாய் சுவர் ஒரு சல்லட மாதிரி. தண்ணிய விடும், புரதத்தப் பெரும்பாலும் விடாது. வயித்துல காசநோய்னா அந்த எடம் வெந்துபோயி சல்லடக் கண்ணு பெருசாயிடும். புரதம் வெளிய வந்துரும். கிருமியோட சண்ட போடுற எதிர்ப்பொருளும் கூடவே வந்துரும். ஈரல் கெட்டிருந்தா வேற. ரத்தம் போக வழியில்லாம அழுத்தம் ஏறி, வெறுந்தண்ணிதான் கசியும்."

"அப்ப சல்லட கிழிஞ்சிருந்தாத்தான் நமக்கு நல்லதுங்களா டாக்டர்?" என்றார் இவர்.

"ஆமா. காசநோய்க்கு ஊசி கீது, மாத்திர கீது. ஈரல்னா…" டாக்டர் கை கழுவப் போனார்.

இறங்கிய நீரில் ஒரு பாட்டில் பிடித்துக் கொடுத்தார்; செங்கல்பட்டில் சோதனை. மத்தியான பஸ்ஸுக்குப் புடவை மாற்ற பாட்டிலோடு வீட்டுக்கு வந்தேன். மாமியார் மூடியைத் திறந்து, கோயில் விபூதி ஒரு சிட்டிகை உள்ளே போட்டு, குலுக்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டார். பார்த்துக்கொண்டு நின்றேன். தடுக்க விரும்பினேனா என்பது தெரியவில்லை.

சோதனைக்கூடத்துக்காரர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இன்னாம்மா இது, அடியில சாம்பலாட்டம் கீது?"

"விபூதிங்க."

"சாமிக்கு வேற எடம் கெடைக்கலியா? இத வெச்சிக்கினு நான் இன்னா பாக்கறது? மறுபடி குத்தி எடுத்துக்கினு வா, போ."

மறுபடி குத்தினார்கள். முதல் தடவை பல்லைக் கடித்த மனிதர் இரண்டாம் தடவை என் மணிக்கட்டைப் பிடித்தார். ஒரு சிட்டிகைக்கு ஓர் ஊசி. இந்த முறை பாட்டில் என் இடுப்பை விட்டு நகரவில்லை.

மறுபடி சோதனைக்கூடம். கண்ணாடிக் குவளையில் தண்ணீர். அதில் காடி வாசனை அடிக்கும் அமிலம் கொஞ்சம். "புரதம் இருந்தா சொட்டு வெள்ளப் புகையாட்டம் எறங்கும், பாத்துக்கோ" என்றார். பாட்டிலிலிருந்து முதல் சொட்டு விழுந்தது. எங்கே போனது என்று தெரியவில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை எனக்காகவே விட்டார். குவளை குவளையாகவே இருந்தது.

பிறகு இத்தனை வருஷத்தில், கிடைத்த புத்தகத்தை எல்லாம் புரட்டியிருக்கிறேன். நல்ல உடம்பிலும் கொஞ்சம் கசியுமாம். சின்னப் புரதம் சுலபமாக வருமாம், எதிர்ப்பொருள் பெரியது, தயங்கித் தயங்கித்தான் வருமாம். படிப்பேன், மூடுவேன், வாசல்வரை நடப்பேன், மறுபடி திறப்பேன். அன்று அந்த மேஜை முன்னால் எனக்குத் தோன்றியது பஸ்ஸுக்கு நேரமாகிறது என்பது மட்டும்.

தெருமுனையிலேயே மாமியார் நின்றிருந்தார். "இன்னா சொன்னாங்க? வெள்ளையா எதுனா வந்துச்சா?"

"வரலிங்க அத்தை. தெளிவா இருந்துச்சி."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். திருத்தவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார். நான் செருப்பைக் கழற்றும்போது உள்ளே குரல் கேட்டது.

"நைனா, தண்ணி சுத்தமா கீதாம்டா! ஒண்ணுமே இல்லியாம்!"

கட்டிலில் சாய்ந்திருந்தவர் அம்மாவைத் தாண்டி என்னைப் பார்த்தார். டாக்டர் சொன்னபோது அவரும்தானே கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரிம்மா," என்றார். "நல்லதாப் போச்சி. நீ போயி சாப்புடு."