எக்ஸ்ரே திரையில் ஒரு பட்டை

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு கார்த்திகை மாதம். மழை விட்டிருந்தது, தாமிரபரணியில் தண்ணீர் இன்னும் செம்மண் நிறத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. மேலப்பாளையத்திலிருந்து லாத்தாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, பாளையங்கோட்டையில் ஒரு சிறிய மருத்துவமனைக்குப் போனோம். லாத்தா என் அக்கா. எங்கள் வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவோம். ஹஜ் பெருநாளுக்குப் பிறகு பிடித்த இருமல் அவளை விடவே இல்லை.

கூட வந்தது அவள் மகன், என் மருமகன். பெங்களூரில் வேலை. டிவி, கணினித் திரைகளை இயக்கும் சிப்புகளில் ஒரு பகுதியை வடிவமைக்கிறான். அவன் விளக்கியதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: படம் திரைக்கு எண்களாக வருகிறது. திரைக்கு எண் புரியாது, மின்னழுத்தம்தான் புரியும். எந்த எண்ணுக்கு எவ்வளவு மின்னழுத்தம் என்று எடுத்துக் கொடுப்பது இவன் போடும் சுற்று. அதற்குள் ரெசிஸ்டர் எனும் மின்தடையங்கள் ஏணிப் படிகள் போல வரிசையாக இருக்கும். கருப்பிலிருந்து வெள்ளை வரை ஒவ்வொரு படியும் ஒரு சாம்பல் நிறம். திரையின் ஓரத்தில் இப்படிப் பல சிப்புகள். ஒவ்வொன்றும் மேலிருந்து கீழாக ஒரு பட்டையைப் பார்த்துக்கொள்ளும்.

இந்த வேலையால் அவனுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எந்தத் திரையைக் கண்டாலும் அதில் ஓடுவதைப் பார்க்க மாட்டான். தலையைச் சாய்த்து, இருட்டான இடங்களை மட்டும் பார்ப்பான்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். இப்போது ஃபிலிம் எல்லாம் கிடையாது. படம் நேராக டாக்டர் மேஜையிலிருக்கும் திரைக்கு வந்துவிடுகிறது. டாக்டர் இளம் பெண், பொறுமையானவர். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, ஒவ்வாமை இருமல்தான் என்று சொல்லி மருந்து எழுத ஆரம்பித்தார். லாத்தா "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். சாத்தான்குளத்தில் இருக்கும் மகளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். இருமலோடு எப்படி என்று தயங்கிக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழமையே போயி கூட்டிட்டு வந்திருவோம், தம்பி" என்றாள் என்னிடம்.

மருமகன் திரைப் பக்கம் திரும்பியிருந்தான். தலையைச் சாய்த்து நின்றான்.

"டாக்டரம்மா எக்ஸ்ரேயப் பாக்குதாவ, இவன் பெட்டியப் பாக்குதான். ஏலே, அத வெலைக்கா கேக்கப் போற?" என்றாள் லாத்தா.

டாக்டரும் சிரித்துவிட்டார்.

"மேடம், படத்தக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்த முடியுமா?" என்று கேட்டான். "இந்தப் பட்டையில கருப்பு எல்லாம் ஒண்ணுபோல இருக்கு. ஸ்க்ரீன்ல ஏதோ கோளாறு."

அந்த நொடியில் அவன் சோதித்தது திரையைத்தான். பெற்ற உம்மாவைப் பற்றி எந்தச் சந்தேகமும் அவனுக்கு இல்லை.

டாக்டர் மௌஸால் படத்தை இழுத்தார். விலா எலும்புகள் நகர்ந்தன. ஒரு நுரையீரலின் மேல்பகுதி அந்தப் பட்டையை விட்டு வெளியே வந்தது. வெறும் கருப்பாக இருந்த இடத்தில், புகை படிந்தது போல வெளிறிய ஒரு வட்டம். அவர் படத்தைப் பழைய இடத்துக்கே கொண்டுபோனார். வட்டம் மறைந்தது. மறுபடி இழுத்தார். வந்தது. பேனாவைக் கீழே வைத்தார்.

லாத்தாவுக்கு எதுவும் விளங்கவில்லை. "பெட்டி ரிப்பேராலே? பாருங்க டாக்டரம்மா, நல்லவேள எம் பிள்ள கூட வந்தான்" என்றாள் பெருமையாக. டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டைக் கிழித்துவிட்டு வேறு தாளை எடுத்தார்.

அந்தப் பட்டைக்கான சிப்பில், ஏணியின் சில படிகள் ஒரே உயரமாகிவிட்டிருக்க வேண்டும் என்று மருமகன் பிறகு சொன்னான். அடுத்தடுத்த சாம்பல் நிறங்கள் எல்லாம் ஒரே கருப்பாக விழுந்திருக்கின்றன. கல்யாணப் படமோ கிரிக்கெட்டோ ஓடியிருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

மதுரையில் சோதனைகள் நடந்தன. புற்றுநோய். முதுகெலும்பு வரை பரவியிருந்தது. ஒரு மாதம் கழித்துத் தெரிந்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்று அங்கே ஒரு மருத்துவர் சொன்னார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். மருமகனை நொறுக்கியது அந்த ஆறுதல்தான். பிரசவம் சாத்தான்குளத்திலேயே நடந்தது. லாத்தா பேத்தியைப் பார்த்தது மருத்துவமனைக் கட்டிலில், போனில். மருந்தின் களைப்பில் அதையும் முழுதாகப் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான் அன்னைக்கு வாய மூடிட்டு இருந்திருக்கலாம் உம்மா. பேத்திய உன் மடியிலயாவது போட்டிருப்பாங்க" என்று ஒருநாள் அவளருகில் உட்கார்ந்து அழுதான்.

"சத்தமில்லாம பைய அழுலே, நர்சம்மா பாக்குதாவ" என்றாள் லாத்தா. "பொண்ணு தேடும்போது எவனும் கொடுக்க மாட்டான்."

அவன் சிரிக்கவில்லை. அடுத்த நோன்புக்கு அவள் இல்லை.

சில மாதங்கள் கழித்து அந்தப் பாளையங்கோட்டை டாக்டர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். திரையை அன்றே கழற்றிவிட்டு, அதில் பார்த்த பழைய எக்ஸ்ரேக்களை எல்லாம் வேறு திரையில் மறுபடி பார்த்தாராம். பெயர் சொல்லவில்லை, புன்னக்காயலில் மீன்பிடிக்கப் போகும் ஒருவருக்கு நோய் ஆரம்பத்திலேயே பிடிபட்டு, அறுவைச் சிகிச்சை முடிந்து, மறுபடி கடலுக்குப் போய்க்கொண்டிருக்கிறார் என்றார். மருமகனிடம் சொன்னேன். "நல்லது மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டான்.

முகம் தெரியாத அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார் என்பதையும், லாத்தா பேத்தியை ஒருமுறைகூடத் தொடாமல் போனாள் என்பதையும் ஒரே நினைப்பில் சேர்த்து வைக்க இன்றுவரை என்னால் முடியவில்லை.