கேஸ் சிலிண்டர் சொன்ன பூவின் பெயர்

மாட்டை விற்ற வருஷம், அதைக் கட்டியிருந்த இடத்தில் பூ பூத்தது. சித்திரையில் நல்ல மழை பெய்து நான்காம் நாள் காலை. இலைகள் புல்லைப் போல இருந்தன. ஒரு சாண் தண்டு, அதன் உச்சியில் ஆறு இதழ்களுடன் இளஞ்சிவப்பாக ஒரே ஒரு பூ. அப்படிச் சில தண்டுகள். பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் தக்காளி போடும் எங்கள் வீட்டில், அதை நட்டதாக யாரும் சொல்லவில்லை.

அப்பா அந்த இடத்தில் தக்காளிப் பெட்டிகள் அடுக்கக் கொட்டகை போடுவதாக இருந்தார். நான்கு மூலையிலும் குச்சி அடித்துக் கயிறு கட்டியாகிவிட்டது. திங்கட்கிழமை குழி வெட்ட ஆள் வரும்.

“அது என்ன பூவுப்பா?”

“என்னமோ களை,” என்றார் அப்பா, திரும்பிப் பார்க்காமலே.

“களைன்னாலும் பேரு இருக்குமில்ல?”

“பேரு வச்சு, காது குத்தி, பந்தி போடறதுக்கு அதென்ன உன் தம்பியா?”

எனக்கு ஒன்பது வயது. பெயர் தெரிந்துவிட்டால் அப்பா அதை வெட்ட மாட்டார் என்று நம்பினேன். பெயருள்ள எதையும் அவர் வெட்டி நான் பார்த்ததில்லை. அம்மா தோட்டத்தில் காய் பறித்துக்கொண்டிருந்த நேரத்தில், அவருடைய கைபேசியை எடுத்துக்கொண்டு போய் ஈரமண்ணில் மண்டியிட்டு மூன்று படம் எடுத்தேன். முதலாவதில் பாதி என் கட்டைவிரல். இரண்டாவது காற்றில் ஆடிவிட்டது. மூன்றாவதை, ‘இது என்ன பூ?’ என்று எழுதி, அம்மாவின் வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்தேன்.

காட்டு வெங்காயம், யாரும் தின்றுவிடாதீர்கள் என்று மாமா எச்சரித்தார். பிளாஸ்டிக்கா என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். விதைக்கடைக்காரர், பெயர் தெரியாது, ஆனால் அதைக் கொல்ல மருந்து இருக்கிறது என்றார்.

அப்போது எனக்குத் தெரியாத ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். அப்பாவுக்கு ஒரு தங்கை உண்டு. நான் தொட்டிலில் கிடந்தபோது, வேறு சாதியில் தனக்குப் பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு ஓசூருக்குப் போய்விட்டார். அதன்பிறகு வீட்டில் அவர் படம் இல்லை, பேச்சும் இல்லை. எனக்கு ஓர் அத்தை இருப்பதையே யாரும் சொல்லவில்லை.

நான்காவது பதில், அம்மா ‘கேஸ் சிலிண்டர்’ என்று பதிந்து வைத்திருந்த எண்ணிலிருந்து வந்தது.

‘மழை லில்லி அண்ணி. இன்னுமா இருக்குது? நான் ஏழு கெழங்கு வச்சேன். எத்தன பூத்திருக்குது?’

அப்பா களி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஓடிப்போய்ச் சொன்னேன்.

“பேரு தெரிஞ்சுடுச்சுப்பா! மழை லில்லியாம். சிலிண்டர்காரரு சொல்றாரு. அவருதான் ஏழு கெழங்கு வச்சாராம்!”

தக்காளிக் கூடையோடு உள்ளே வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். கேட்காமல் கைபேசியை எடுத்ததற்கு அடி விழப்போகிறது என்று நினைத்தேன். அப்பா கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் கைபேசியை வாங்கினார். இரண்டு வரியைப் படிக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

“எப்ப இருந்து?” என்று அம்மாவைக் கேட்டார்.

“பாப்பாவுக்கு மொட்டை போட்டதுல இருந்துங்க.”

கேஸ் இணைப்பு வாங்கிய காலத்தைப் பேசுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

அப்பா கைபேசியை என்னிடம் நீட்டினார். “எத்தனன்னு கேக்குதில்ல? போய் எண்ணிட்டு வா.”

ஓடிப்போய் எண்ணினேன். சரியாக இருக்கிறதா என்று இன்னொரு முறையும் எண்ணினேன். ஆறு.

“ஆறுன்னு போடு,” என்றார் அப்பா. அனுப்பினேன். அவர் போகவில்லை. “அங்க மாட்டக் கொண்டுபோய்க் கட்டினது நாந்தான்னு போடு.”

சிலிண்டர்காரருக்கு இதெல்லாம் எதற்கு? ஆனாலும் எழுதினேன். மறுமுனையில் எழுதுவதாகக் காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. கடைசியில் ஒரே வரி வந்தது.

‘மாடு நல்லாருக்குதாண்ணா?’

வாசித்துக் காட்டினேன். அப்பா சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். சிரிப்பு வரவில்லை. “வித்தாச்சுன்னு போடு,” என்று சொல்லிவிட்டு வெளியே போய், அடித்து வைத்திருந்த குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

கொட்டகை பத்தடி தள்ளி எழுந்தது. பெயர் கண்டுபிடித்த என்னால்தான் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன்.

அடுத்த மழைக்குப் பூ மறுபடி வந்தது. அந்த வாரம் அப்பா அம்மாவிடம், “ஞாயித்துக்கெழம ஓசூருல இருந்து ஆளுங்க வர்றாங்க. கேஸ் தீர்ந்துடப் போகுது, சொல்லி வச்சுடு,” என்றார். சனிக்கிழமை சிலிண்டர் வந்தது. இறக்கி வைத்தவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன்.

“பாருங்கண்ணா, இந்தவாட்டி ஏழு!”

அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே பார்த்தார். “நல்லாருக்குது பாப்பா. அம்மாவ புக்கு எடுத்தாரச் சொல்லு.”

எனக்குப் பெரிய ஏமாற்றம். தன் கையால் வைத்த பூவைப் பார்க்கிறவர் முகத்தில் கொஞ்சம்கூடச் சந்தோஷம் இல்லை. அம்மாவோ சமையலறை வாசலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார். வெங்காயம் அரிந்திருப்பார் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை யார் வருகிறார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.