என் பேரில் ஒரு ஊசி

நான் பெரம்பலூரில் ஹெல்த் இன்ஸ்பெக்டராக இருந்தவன். எமர்ஜென்சியில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் கேம்ப்புக்கு ஆள் பிடித்துக் கொடுத்த புண்ணியவானும் நானே. அந்தப் பாவம் பத்து வருஷம் கழித்துத் துரத்தியது.

எய்ட்ஸ் என்று ஏதோ வந்திருப்பதாகப் பேப்பரில் அடிபட்ட சமயம். லாரி டிரைவர்களுக்கு நிரோத் ஆணுறை கொடுக்கச் சொன்னார் ஆபீசர். காக்கி யூனிஃபார்மும் பெயர் எழுத ரிஜிஸ்டருமாக லாரி ஸ்டாண்டில் போய் நின்றேன்.

"டேய், ஆபரேஷன் சார் வந்துட்டாருடா!" என்று ஒரு டிரைவர் கத்தினான்.

அவ்வளவுதான். அரியலூருக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றப் போகவேண்டிய லாரி திருச்சி ரோட்டில் பறந்தது.

பஞ்சர் கடை காஜா பாய் விழுந்து விழுந்து சிரித்தார். "மொதல்ல அந்த நோட்டைத் தூக்கிப் போடுங்க சார். பேரு கேட்டாலே கத்தி வரும்னு பயப்படுறானுவ."

மறுநாள் கைலியோடு அவர் கடையில் உட்கார்ந்தேன். யார் பெயரையும் கேட்கவில்லை. நிரோத் பெட்டி தானாகக் காலியானது.

ஒருநாள் டிரைவர் ராசு என் காதருகே குனிந்தான். அவனுக்கு அந்தரங்கத்தில் மேகப்புண். சம்சாரத்துக்கு ஐந்து மாசம்.

"வயித்துல இருக்கற புள்ளையையும் தாக்கிடும்டா, கெளம்பு."

"எம்பேரு வெளிய வரக்கூடாது சார்."

"என் வாயால வராது."

திருச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அவனே சீட்டு வாங்கி ஊசி போட்டுக்கொண்டான். "அடுத்த வாரம் பொண்டாட்டியையும் கூட்டியாரச் சொல்றாங்க. அவகிட்ட எப்படி சார் சொல்றது?" என்று கலங்கினான். "இது வூட்ல மாட்டுனா வம்பு" என்று சீட்டை என் சட்டைப் பையில் செருகினான்.

சட்டையைத் துவைக்க எடுத்த என் மனைவி சீட்டோடு வந்து நின்றாள். பால்வினை நோய்ப் பிரிவு. அதன் கீழே என் பெயர்! பாவி, கவுன்ட்டரில் கேட்டதும் வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறான்.

"யாரு சீட்டு இது?"

"சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்துட்டேன்டி."

"அப்ப வாக்கு குடுத்த எடத்துலயே போய்ச் சாப்புடுங்க."

மூன்று நாள் பஞ்சர் கடையில் பரோட்டா. "என்னா சார், வூட்டுக்குப் போகலையா?" என்று கேட்ட ராசுவைத் தனியே இழுத்துப்போய் வண்டி வண்டியாகத் திட்டினேன். லாரியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

விடிந்ததும் கடையில் படுத்திருந்த என்னையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு, சம்சாரத்தோடு என் வீட்டு வாசலில் நின்றான்.

"அக்கா, அந்தச் சீட்டு என்னுது. எம்பேரு ராசு."

அழுது சிவந்த கண்ணோடு அந்தப் பெண் கேட்டாள்: "ராத்திரியே சொல்லிட்டாருக்கா. திருச்சிக்கு எத்தினி மணிக்கு பஸ்ஸு?"

"இரும்மா, நானும் வரேன்" என்று என் மனைவி புடவை மாற்றப் போனாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகளே, ஒருவன் தானாகப் பெயரைச் சொல்லும்வரை பேனாவை மூடியே வையுங்கள். ராசுவுக்குப் பெண் குழந்தை, நல்லபடியாகப் பிறந்தது. ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரில் மட்டும் அந்தப் புண் இன்னும் எனக்குத்தான் இருக்கிறது.