காகித நாயின் காவல்காரன்

எங்கள் தெருவில் பகல் நேரத்தில் யாரும் வாசற்கதவைப் பூட்டுவதில்லை. சாவியை வெளிப்பக்கமே பூட்டில் செருகி விட்டுவிடுவோம். வருகிறவர்கள் தாங்களே திறந்துகொண்டு, "நான்தான்" என்று குரல் கொடுத்தபடி உள்ளே வரலாம். வென்ஸு வீட்டுக் கதவில் மட்டும் சாவி இருக்காது. அதைக் கால்சட்டைப் பையில் போட்டு, பையின் வாயை ஊக்கு குத்தி மூடிக்கொள்ளும் ஜென்மம் அது. அந்த மனுஷன் சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டே கட்டின பெண்டாட்டியை வீட்டை விட்டு விரட்டின கதையைத்தான் சொல்லப்போகிறேன். எல்லாம் ஒரு நாய்க்காக. அதுவும் காகித நாய்.

நான் செராஃபீனா. கோஸோ தீவிலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவள். படிக்கட்டுத் தெருவின் அடியில், துறைமுகத்தைப் பார்த்தாற்போல் டீக்கடை வைத்திருக்கிறேன். எதிர்க்கரையில் தலைநகரம் வாலெட்டா. அங்கே சுற்றுலாக் கப்பல் வந்து கட்டினால் அதிலுள்ள பாதிச் சனம் படகேறி எங்கள் பக்கம் வந்துவிடும். படிக்கட்டைப் படம் பிடிக்கும், பூனையைப் படம் பிடிக்கும், என் கடையில் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பஸ்திட்ஸிப் பலகாரத்தைத் தின்று வாயைச் சுட்டுக்கொள்ளும். எனக்கு அதனால் நஷ்டமில்லை. வென்ஸுவுக்குத்தான் பொறுக்காது.

"நேத்து நேப்பிள்ஸ், இன்னிக்கு நாம, நாளைக்கு வேற ஊரு" என்பான். "காலையில வந்து சாயங்காலம் போறவன் ஊரையா பாப்பான்? வேற என்னமோ பாக்க வர்றான் அக்கா."

"என்னடா பாக்க வர்றான், உன் அழகையா?"

"சிரி, சிரி. அந்த நெட்டையனைப் பாத்தியா? போன தடவையும் வந்தான்."

"நீ நிக்கிற உயரத்துக்கு வர்றவன் எல்லாருமே நெட்டையன்தான்."

மீசையை முறுக்கிக்கொண்டு போய்விடுவான். ஆள் குள்ளம், மீசை மட்டும் ஆறடி ஆளுக்கு உரியது. கப்பல் பழுது பார்க்கும் பட்டறையில் இரும்பு பற்றவைக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் கோயில் கோபுரத்தில் இரண்டு கடிகாரங்கள் உண்டு. ஒன்று சரியான நேரம் காட்டும். மற்றது சாத்தானை ஏமாற்றப் பொய் நேரம் காட்டும். வென்ஸு இரண்டையுமே நம்பமாட்டான்.

இதிலே கூத்து என்னவென்றால், அவன் பெண்டாட்டி நுன்சியா எதிர்க்கட்சிக்காரி. எங்கள் ஊரில் பேண்டு வாத்தியச் சங்கங்கள் இரண்டு. மேல்தெருவுக்குப் புனித மார்த்தா, சிவப்புக் கொடி, ஜூலைக் கடைசியில் திருவிழா. எங்கள் கீழ்த்தெருவுக்குப் புனித ரோக்கு, பச்சைக் கொடி, ஆகஸ்ட் நடுவில் திருவிழா. யாருடைய சுரூபம் பெரிது, யாருடைய வாணவேடிக்கை உசத்தி என்பதற்காக உடன்பிறந்தவர்கள் வருஷக்கணக்கில் பேசாமல் இருந்ததுண்டு. பச்சைக்காரன் வென்ஸு சிவப்புக்காரி நுன்சியாவைக் கட்டியபோது இரண்டு பக்கமும் வயிறெரிந்தார்கள். மார்த்தா திருவிழா மூன்று நாளும் அவள் மேல்தெருவில் அக்காள் வீட்டுக்குப் போய்விடுவாள். முடிந்ததும் தலையில் சிவப்பு ரிப்பனோடு பாதாம் கேக் எடுத்துக்கொண்டு திரும்பி வருவாள். முப்பது வருஷமாக இதுதான் ஏற்பாடு. ஒரு வருஷமும் குறை வந்ததில்லை.

போன குளிர்காலத்தில் ரோக்கு சங்கம் ஒரு முடிவெடுத்தது. திருவிழாவுக்குத் தெருவில் நிறுத்தும் தூணின் உச்சியில் வைக்கப் புதிதாக ஒரு நாய் செய்வதென்று. புனித ரோக்குவுக்கு ரொட்டி கொண்டுவந்து கொடுத்து உயிர் காத்ததே, அந்த நாய்தான். காகிதக் கூழில் கன்றுக்குட்டி அளவு உருவம், உடம்பெல்லாம் தங்கத் தகடு, வாயில் ரொட்டி. திருவிழா காலையில் திரையை விலக்கும்வரை வெளியே மூச்சு விடக்கூடாது. சிவப்புக்காரர்களுக்குத் தெரிந்தால் மானம் போய்விடும். நாய் இருந்த கிடங்கின் சாவியை யாரிடம் கொடுப்பது? சொந்த நிழலையே நம்பாத ஒருவன்தான் இருந்தானே.

அன்றிலிருந்து வென்ஸுவுக்குத் தூக்கம் போச்சு. கிடங்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான். நின்று பார்க்கிற கப்பல்காரனெல்லாம் அவனுக்கு மேல்தெருக்காரர்கள் அனுப்பிய ஒற்றன். வழி கேட்டால் நேர் எதிர்த் திசையைக் காட்டுவான். கோயிலைத் தேடி வந்த ஜெர்மன்காரப் பெரியவர்கள் சிலரை மீன் ஏலக் கொட்டகைக்கு அனுப்பிவைத்தான், பாவி. ஏப்ரலில் ஒருநாள், பட்டப்பகலில், கிடங்குக் கதவுக்குக் குறுக்கே கையை விரித்துக்கொண்டு காவல் நின்றதை நானே பார்த்தேன். எதிரே வைக்கோல் தொப்பி போட்ட ஒரு கப்பல்காரி. இவன் மறு கையால் மீசையைத் தடவிச் சரிசெய்துகொண்டிருந்தான். பரவாயில்லையே, பெண்பிள்ளை என்றால் இவனும் கொஞ்சம் இளகுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

மார்த்தா திருவிழாவின் முதல் மாலை. சிவப்புச் சங்கத்தின் வாத்திய ஊர்வலம் எங்கள் தெருவுக்குள் இறங்கியது. வழக்கமாக முறைத்துக்கொண்டே கடந்து போவார்கள். அன்றைக்குக் கிடங்கு வாசலுக்கு வந்ததும் வாத்தியம் நின்றது. நின்ற மறு நொடியில் ஊர்வலம் முழுக்கக் குரைத்தது.

"லொள்! லொள்! லொள்!"

கிழவர்கள் குரைத்தார்கள். கொம்பு ஊதுகிறவன் கொம்பிலேயே குரைத்தான். நுன்சியாவின் அண்ணன் ஸல்வு, படகோட்டி, நீளக் கழியில் ஒரு ரொட்டியைக் கட்டி வென்ஸுவின் மூக்குக்கு நேரே ஆட்டினான். "இந்தா மச்சான், கவ்விக்கோ!"

மாதாவே! வென்ஸுவின் முகத்தை நான் மறக்கமாட்டேன். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டது. சிரிப்பு வந்தும் எனக்குச் சிரிக்க மனசு வரவில்லை.

திருவிழா முடிந்த மறுநாள் நுன்சியா எப்போதும்போல் ரிப்பனும் கேக் தட்டுமாக வந்தாள். வென்ஸு வாசலை மறித்து நின்றான்.

"உங்க அண்ணன்கிட்ட எப்போ சொன்னே?"

"என்னத்தச் சொன்னேன்?"

"நடிக்காதே. நாயைப் பத்தி."

நுன்சியா தட்டைக் கை மாற்றிக்கொண்டாள். "நாயா? அது எனக்குக் குளிர்காலத்துலேயே தெரியும். நீதான் தூக்கத்துல 'நாயை மூடு, வாலை மூடு'ன்னு உளறுறியே. நான் யார்கிட்டயாவது வாயைத் திறந்தேனா?"

"கேட்டியா அக்கா!" என்று என் பக்கம் திரும்பிக் கத்தினான். "தெரியுமாம்! அவ வாயாலேயே வருது!"

"அட மடையா, தெரியுறதும் சொல்றதும் ஒண்ணா?" என்றேன். அவன் காதில் ஏறவில்லை.

"முப்பது வருஷமா உங்க சங்கத்து ரகசியம் எல்லாம் இந்த வயித்துலதான் கிடக்கு, வென்ஸு" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. "ஒண்ணு வெளியில வந்திருக்கா?"

"சிவப்புக்காரி எப்பவும் சிவப்புக்காரிதான்" என்றான்.

அந்த ஒரு வார்த்தை. குத்துப்பட்டவள் மாதிரி அப்படியே நின்றாள். பிறகு கேக் தட்டை வாசற்படியில் வைத்துவிட்டு வந்த வழியே ஏறிப் போய்விட்டாள். வென்ஸு அந்தக் கேக்கைத் தொடவில்லை. விஷம் இருக்குமோ என்று பயந்தானோ என்னமோ! ஆத்திரத்தில் அன்றைக்கு அவனுக்கு நான் டீ கொடுக்கவில்லை.

அடுத்து வந்த கப்பலில் இறங்கிய ஒரு வெள்ளைத்தலை அம்மா என் கடைக்கு வந்து ஒரு பளபளப்பான புத்தகத்தை விரித்து, ஒரு படத்தைக் காட்டி, இந்த ஆள் எங்கே என்று சைகையில் கேட்டாள். ஐரோப்பாவின் பழம்பெரும் நகரங்கள் என்று கப்பல் கம்பெனிக்காரன் போட்ட புத்தகம். பார்சலோனாவுக்குக் கோபுரம், ஜெனோவாவுக்குக் கலங்கரை விளக்கம், நேப்பிள்ஸுக்கு எரிமலை. எங்களுக்கு வென்ஸு. கையை விரித்து, மீசையை முறுக்கி, ராஜா மாதிரி சிரிக்கிறான். பின்னால் கிடங்குக் கதவு ஆவென்று திறந்திருக்கிறது. அவன் தலைக்கு மேலே தகதகவென்று, வாயில் ரொட்டியோடு, நாய்.

கடையை அப்படியே போட்டுவிட்டு, அந்த அம்மாவிடமிருந்து புத்தகத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடினேன்.

"இது ஒட்டு வேலை" என்றான் வென்ஸு, பார்த்த உடனே. "சிவப்புக்காரப் பசங்க கம்ப்யூட்டர்ல செஞ்சது."

"மீசையையுமா ஒட்டினாங்க? நல்லாப் பாருடா."

பார்த்தான். விரல் தன்னால் மீசைக்குப் போயிற்று. வைக்கோல் தொப்பிக்காரி அப்போதுதான் அவன் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"பசை காயலைன்னு காத்துக்காகத் திறந்து வச்சேன்" என்றான் மெல்ல. "படம் எடுக்கணும்னு அவ கேட்டா. நான் மறைச்சுக்கிட்டுத்தானே அக்கா நின்னேன்?"

"நீ மறைச்ச லட்சணம்தான் ஊர் ஊராப் போகுதே! உசரமா ஒருத்தனை நிறுத்தியிருக்கணும்."

படியில் உட்கார்ந்துவிட்டான். "அவளைப் போய்ச் சொன்னேனே" என்றான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். எனக்கு வந்த கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

ரோக்கு திருவிழா வாரம் தொடங்கியிருந்தது. அந்த வாரத்தில் பச்சைக்காரன் மேல்தெருவில் கால் வைக்கமாட்டான். வென்ஸு சட்டையில் பச்சைச் சின்னத்தைக் குத்தியபடியே, புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறினான். நான் பின்னாலேயே போனேன். வேடிக்கை பார்க்கத்தான், பொய் சொல்லுவானேன்.

தெரு முனையில் ஸல்வு நின்றிருந்தான். "என்ன மச்சான், நாயைத் தேடிட்டு வந்தியா?" புத்தகத்தைப் பார்த்ததும் அவன் சிரிப்பு அடங்கியது. "ஓ, இப்பத்தான் பாத்தியா? ஜூன்லேருந்து கப்பல்காரங்க என் படகுல இதைப் போட்டுட்டுப் போறாங்க. இதுல என் தங்கச்சி எங்கே வந்தா?"

வென்ஸு அவனைத் தாண்டி நடந்தான். நுன்சியாவின் அக்காள் வீட்டு மாடத்தின் கீழே போய் நின்று, "நுன்சியா" என்று கூப்பிட்டான்.

கதவு திறக்கவில்லை. மாடத்திலிருந்து கயிற்றில் கூடை இறங்கியது, ரொட்டிக்காரனுக்கு இறக்குவது போல. அவன் புத்தகத்தை அதில் வைத்தான். கூடை மேலே போயிற்று. தெருவே ஜன்னலில் நின்று பார்த்தது. பக்கம் புரளும் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது.

கூடை மறுபடி இறங்கியது. உள்ளே புத்தகம் இல்லை. அவளிடம் இருந்த வீட்டுச் சாவி இருந்தது.

"எடுத்துக்கோ" என்றாள் மேலேயிருந்து. "ஒண்டியா இருக்கிற வீட்டுல ஒற்றன் ஏது? நிம்மதியாத் தூங்கு."

அன்று சாயங்காலம் சங்கக் கூட்டத்தில் வென்ஸு எழுந்து நின்று, "நாயைக் காட்டிக்கொடுத்தது நான்தான், என் வீட்டுக்காரி இல்லை" என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். கிடங்குச் சாவியைத் தலைவர் மேசையில் வைத்தான். திட்டு வாங்கிக்கொண்டு வந்தான். வந்தவன் நுன்சியாவின் சாவியை எடுத்து வாசற்கதவில், வெளிப்பக்கம், செருகினான். இரவிலும் எடுக்கவில்லை. திருட்டுப் போகும்டா என்றேன். போகட்டும் என்றான்.

திருவிழா வந்தது, நாய் தூணேறியது, எங்கள் சனமே அதைப் பார்த்துக் குரைத்துச் சிரித்தது. நுன்சியா வரவில்லை. கப்பல்கள் வந்தன, போயின. படகு வரும்போதெல்லாம் வென்ஸு மேல்தெருப் படிக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

செப்டம்பரில் ஒரு காலை. ரொட்டி வாங்கிக்கொண்டு அவன் என் கடையைக் கடந்து போனான். வீட்டு வாசலில் கேமராவும் பெரிய தோள்பையுமாக ஒரு கப்பல்காரி. கதவில் சாவி இல்லை.

அவன் கழுத்து சிவந்தது. அந்தப் பையைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், வாயைத் திறந்தான். போச்சுடா, இன்றைக்கு ஒரு ரகளை என்று நான் கரண்டியைக் கீழே வைத்தேன். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டான். அவளுக்குத் தலையசைத்துவிட்டுக் கதவைத் தள்ளினான். உள்ளே தாழ் போட்டிருந்தது.

தட்டினான்.

"யாரு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

வென்ஸு கதவோடு ஒட்டி நின்றான். "நான்தான்."

"நான்தான்னா? காலம் கெட்டுக் கிடக்கு. எந்தச் சங்கம்? யாரு அனுப்பினா?"

"நான்தான் நுன்சியா. நாயைக் காட்டிக்கொடுத்தவன்."

உள்ளே காலடி கதவருகே வந்தது. பிறகு, "ரொட்டி வாங்கினியா?"

"வாங்கினேன்."

"வெங்காயம்?"

"வெங்காயம்... இல்லை."

"வாங்கிட்டு வா. வந்தாத்தான் தாழைத் திறப்பேன்."

வென்ஸு திரும்பினான். கண்ணீர் மீசையில் இறங்கிக்கொண்டிருந்தது. கையிலிருந்த ரொட்டியை, முன்பின் தெரியாத அந்தக் கப்பல்காரியின் கையில் திணித்துவிட்டு, வெங்காயம் வாங்கப் படிக்கட்டில் ஓடினான்.