பூட்டிய வீட்டுக்குள் ரெண்டு முள்ளங்கி

கமினோசேயில் கதவைப் பூட்டுகிறவள் டொகிகோ ஒருத்திதான். நகானோ மலைச்சரிவில் இருக்கும் அந்த ஊரில் பூட்டுவது என்றால், அக்கம்பக்கத்தாரைத் திருடன் என்று முகத்துக்கு நேரே சொல்வது மாதிரி. கதவை இழுத்துத் திறப்பார்கள், செருப்புக் கழற்றும் இடத்தில் நின்று "வீட்ல யாருங்க?" என்று குரல் கொடுப்பார்கள். பதில் வராவிட்டால் கொண்டுவந்த காய்கறியை அங்கேயே வைத்துவிட்டுப் போவார்கள்.

அறுபத்தெட்டு வயதில் டொகிகோ ஊர்க்காவல் தொண்டர் குழுவில் சேர்ந்தாள். வேலையத்தவள் என்று சிரித்தார்கள். சிரித்துக்கொள்ளட்டும். திறந்த வீடுகளாகப் பார்த்துத் திருடன் நுழைகிறான் என்று கூட்டத்தில் போலீஸ்காரர் சொன்னதைக் கேட்டு வந்தவள், முதலில் தன் வீட்டைப் பூட்டினாள். பிறகு குழுவின் பச்சை மேல்சட்டையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். பிடித்த பிடியை விடுகிற ஜாதி இல்லை அவள்.

அதில் முதலில் போனது மஸுனோவின் சிநேகம். தெருக்கோடி வீட்டில் தனியாக இருப்பவள் மஸுனோ, நாலு வயது மூத்தவள், முப்பது வருஷப் பழக்கம். ஒருநாள் ரெண்டு முள்ளங்கியோடு வந்து டொகிகோவின் கதவை இழுத்தாள். வரவில்லை. தெருவே பார்க்க முள்ளங்கியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனாள். அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

டொகிகோ அவள் வீட்டைத் தேடிப் போனாள்.

"நான் என்ன திருடியாடி?" என்றாள் மஸுனோ.

"உங்களைச் சொல்வேனாக்கா? வெளியாள் எவனாவது வந்தா?"

"இங்க குரங்கைத் தவிர எவன் வரப்போறான்? நீ பூட்டிக்கோ. நான் ஒண்டிக்கட்டை. உள்ள விழுந்து கெடந்தா யாருடி வந்து பாப்பா? கதவைப் பூட்டிக்கிட்டு செத்து நாறச் சொல்றியா?"

அந்தப் பயம் டொகிகோவுக்கும் உண்டு. ஆனாலும் ஒரு காது மந்தமான மனுஷி, கடைசி வீட்டில், கதவைத் திறந்துபோட்டு இருக்கிறாளே என்று, ரோந்து போகும்போதெல்லாம் அந்த வீட்டை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினாள்.

இலையுதிர்காலத்தில் ஒரு முற்பகல். டொகிகோ சுற்றி வரும்போது, சாம்பல்நிற வேலைச்சட்டை போட்ட ஒருவன் கதவு கதவாக இழுத்து, ஊர்க்காரன் மாதிரியே குரல் கொடுத்துக்கொண்டு போனான். ஒரு வீட்டில் பதில் வந்ததும், "யோகோதா வீடு எதுங்க?" என்று பணிவாகக் கேட்டான். கமினோசேயில் யோகோதா என்று ஒரு வீடே கிடையாது.

கடைசியில் மஸுனோ வீடு. அவள் கொல்லையில் முள்ளங்கி பிடுங்கிக்கொண்டிருந்தாள். அவன் கதவைத் திறந்தான், கூப்பிட்டான், உள்ளே போனான், கதவையும் சாத்திக்கொண்டான். ஊர்க்காரர் யாரும் சாத்தமாட்டார்கள்.

ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடிக்கத்தான் டொகிகோவுக்குக் கை துறுதுறுத்தது. உள்ளே போகாதீர்கள், அவன் ஓடுகிற வழியை மறிக்காதீர்கள் என்று போலீஸ்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு எதிர்ப்பக்கத்துச் சீமைப்பனிச்சை மரத்தடியில் நின்றாள். போலீசுக்குப் போன் போட்டுச் சொன்னாள். பிறகு தொண்டை கிழியக் கத்தினாள்.

"வணக்கமுங்க! யாரு வீட்டுக்கு வந்தீங்க? உள்ள இருக்கறவரே, உங்களைத்தான்!"

ஜன்னல்கள் திறந்தன. ஆட்கள் வெளியே வந்தார்கள். அவன் வெறுங்கையோடு வெளிப்பட்டு, தலைகுனிந்து ஒரு கும்பிடும் போட்டுவிட்டுக் தெருவோரம் நிறுத்தியிருந்த தன் காரைப் பார்த்து விரைந்தான். டொகிகோ வண்டி எண்ணைப் போனிலேயே ஒப்பித்தாள். மத்தியானத்துக்குள் அடுத்த ஊரில் பிடித்துவிட்டார்கள்.

மஸுனோ வீட்டில் எதுவும் போகவில்லை. ஆனால் பாய்த்தரையில், அவள் புருஷனின் படம் இருக்கும் பூஜை அலமாரி வரைக்கும், சேறு படிந்த பூட்ஸ் தடம். மஸுனோ முட்டிபோட்டுத் துடைத்துக்கொண்டே அழுதாள்.

"பூட்ஸோட ஏறியிருக்கான்டி. அவர் முன்னாடியே."

அன்றைக்கே சொன்னேனே என்று டொகிகோவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. இன்னொரு துணியை நனைத்துப் பிழிந்து பக்கத்தில் உட்கார்ந்து துடைத்தாள். தடம் மறைந்ததும் தன் வீட்டு மாற்றுச் சாவியை எடுத்து மஸுனோவின் கையில் வைத்தாள்.

"இது உங்ககிட்ட இருக்கட்டும். உங்க சாவி ஒண்ணு எனக்கு வேணும். காலைல ஜன்னல் பலகை திறக்கலைன்னா நான் வந்து கதவைத் திறப்பேன். உங்களை நாற விட்டுருவேனாக்கா?"

மஸுனோ எழுந்துபோய் அலமாரிகளைக் குடைந்தாள். ஒரே வளையத்தில் கோத்த ரெண்டு சாவி கிடைத்தது. பூட்டு இறுகிப்போயிருந்தது. வழுக்கிக்கொடுக்கட்டும் என்று டொகிகோ சாவியில் பென்சில் முனையைத் தேய்த்துத் தேய்த்துப் போட்டுத் திருப்பினாள். ஒருவழியாகத் திரும்பியது.

"நான் தூங்கிட்டிருந்தா எழுப்பித் தொலைக்காதே," என்று சொல்லி மஸுனோ ஒரு சாவியை நீட்டினாள்.

மறுநாள் டொகிகோ ரோந்து முடித்து வந்தாள். கதவை இழுத்துப் பார்த்தாள். பூட்டியபடிதான் இருந்தது. திறந்தாள். செருப்புக் கழற்றும் இடத்தில், ஈரமண் ஒட்டிய ரெண்டு முள்ளங்கி கிடந்தது.