கடலைச் சிந்தாமல் கொண்டுவந்த ஞாயிறுகள்

எதிர் ஃப்ளாட்டில் வாசற்கதவுக்கு வார்னிஷ் அடிக்கிறார்கள். நேற்றிலிருந்து எங்கள் வீட்டுக் கூடம் முழுக்க டர்பன்டைன் வாசனை. மனைவி இரண்டு முறை தும்மிவிட்டு, "அந்த ஜன்னலச் சாத்தக் கூடாதா?" என்று கேட்டாள். கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்றேன். என் நாட்குறிப்பில் வழக்கமாக எதையும் முழு வாக்கியமாகத்தான் எழுதுவேன். நேற்றைய பக்கத்தில் இரண்டே சொற்கள்: வார்னிஷ், அப்பா.

எங்களுக்கு அப்போது மந்தைவெளியில் மாடி வீடு. அப்பா தேனாம்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் தலைமை எழுத்தர். அம்மா சாந்தோம் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. அப்பா அம்மாவை வீட்டிலும் 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். வாரம் ஆறு நாளும் கோப்புகளில் குனிந்திருந்த மனிதர், மாதா கோயிலில் ஞாயிறு காலைப் பூசை முடிந்து வந்ததும் கட்டிலுக்கு அடியிலிருந்து வண்ணப் பெட்டியை இழுப்பார். அதோடு இந்த வாசனையும் வெளியே வரும். எனக்கு வெகுநாள் வரை ஞாயிற்றுக்கிழமையின் வாசனை ஆட்டுக்கறிக் குழம்பும் டர்பன்டைனும் கலந்ததாகவே இருந்தது.

ருஷ்யப் புத்தகங்கள் கத்தரிக்காய் விலைக்குக் கிடைத்த காலம் அது. ருஷ்யப் பத்திரிகையின் வழுவழுத் தாளில் டிராக்டர் ஓட்டிய ஒரு பெண்மணி என் கணக்கு நோட்டுக்கு வருடம் முழுக்க அட்டையாக இருந்தார். கணக்குதான் எனக்கு வரவில்லை. அப்படித்தான் லஸ் முனையின் நடைபாதைக் கடையில் அப்பாவுக்கு ஒரு கனத்த ஓவியப் புத்தகம் அகப்பட்டது. போன நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு ருஷ்ய ஓவியர். பக்கத்துக்குப் பக்கம் கடல். புயலில் கடல், நிலவில் கடல், உடைந்த பாய்மரத்தைக் கட்டிப்பிடித்துத் தொங்கும் மனிதர்களோடு கடல். அவர் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. அம்மா, "உங்க கடல்காரர்" என்று சொல்லத் தொடங்கினாள். அதுவே பெயராகிவிட்டது.

சாப்பாட்டு நேரத்தில் அப்பா கடல்காரரின் கதையைத் தவணை முறையில் சொல்வார். கருங்கடல் ஓரத்துத் துறைமுக ஊரில் ஏழை ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்தாராம். சிறுவயதில் கரித்துண்டால் சுவரில் வரைந்தாராம். ஊர்ப் பெரியவர் ஒருவர் கண்ணில் பட்டுத் தலைநகருக்குப் படிக்கப் போனாராம். கடற்படையோடு கப்பலில் திரிந்தாராம், ஆயிரக்கணக்கில் படங்கள் வரைந்தாராம். பேரும் பணமும் வந்தபின் சொந்த ஊருக்கே திரும்பி, தன் தோட்டத்து ஊற்றுநீரை ஊருக்குக் கொடுத்தாராம். எங்கள் தெருவில் குடிநீர் லாரிக்குக் குடத்தோடு நின்ற காலத்தில் இது எங்களுக்குச் சாதாரணச் செய்தி இல்லை. "அந்த மனுசன் இங்க பொறந்திருக்கக் கூடாதா" என்றாள் அம்மா.

ஆனால் அப்பாவைப் பிடித்துக்கொண்டது வேறொன்று. கடல்காரரின் ஓவியக்கூடத்து ஜன்னல் கடலைப் பார்த்து இல்லையாம். அலை யாருக்காகவும் நிற்காது. ஆகவே அதைப் பார்த்துவிட்டு வந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, நினைவிலிருந்துதான் வரைய வேண்டும் என்பது அவர் கட்சி. அப்பா இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து ஞாயிறு மாலைகளில் நாங்கள் மூவரும் பட்டினப்பாக்கம் கடற்கரைக்குப் போவோம். போகும்போது எவ்வளவும் பேசலாம். அப்பா ஓர் அலையைத் தேர்ந்தெடுத்துப் பார்த்து முடித்து, "போலாம்" என்று எழுந்தபின் வீடுவரை ஒரு சொல் கூடாது. பேச்சுக் கொடுத்தால் நிறம் கலைந்துவிடுமாம். ததும்பும் எண்ணெய்க் கிண்ணத்தை ஏந்தியவர்போல் தரையைப் பார்த்தபடி நடப்பார். பின்னால் அம்மா, அவள் கையைப் பிடித்தபடி நான்.

சாலை முனையில் நிற்கும் சுண்டல்காரருக்கு எங்கள் ஊர்வலம் பெரிய வேடிக்கை. "இன்னா சார், இன்னிக்கும் மௌன விரதமா? டீச்சரம்மாவயாவது பேச வுடு சார். காரம் பத்தலன்னா எனுக்கு யாரு சொல்றது?" அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு விரலால் இரண்டு பொட்டலம் கேட்பாள். வீட்டுக்குக் கீழே குடியிருந்தவர் மாடிப்படியில் ஒதுங்கி நிற்பார். "வழி வுடுங்கப்பா, சார் கடல எடுத்துனு வர்றாரு. சிந்திச்சுன்னா படியெல்லாம் உப்பாயிடும்."

இதில் கஷ்டப்பட்டவள் அம்மாதான். அவள் பேசாமல் இருக்கப் பிறந்தவள் அல்ல. தலைமையாசிரியை சொன்னது, பூசையில் யார் மகனுக்குப் பெண் பார்க்கிறார்கள், எல்லாம் நடக்கும்போதுதான் அவளுக்கு நினைவு வரும். பாதி வழியில் அப்பாவின் சட்டைக் கையைத் தொடுவாள். அவர் தலையை மட்டும் ஆட்டுவார். வீட்டுக்கு வந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, அட்டையில் முக்கியமான நிறங்களை இட்டபின்தான் அவர் மூச்சு விடுவார். அதுவரை கதவருகே நிற்கும் அம்மா கேட்பாள்.

"பேசலாமா?"

"பேசு டீச்சர். என்னமோ சொல்ல வந்தியே?"

"மறந்துபோச்சுங்க."

எங்கள் வீட்டில் இது ஒரு விளையாட்டுப்போல ஆகிவிட்டது. சில வாரம் நானே அவளை முந்திக்கொண்டு "மறந்துபோச்சுங்க" என்பேன்.

அப்பாவின் கடல்கள் சுமார்தான். கடல்காரரின் அலைக்குள் விளக்கு வைத்ததுபோல் வெளிச்சம் கசியும். அப்பாவின் அலை பாசி பிடித்த தொட்டித் தண்ணீர் மாதிரி இருக்கும். "நம்ம கடல் இவ்ளோ பச்சையா?" என்று அம்மா கேட்டால், "உள்ளேருந்து வெளிச்சம் வரட்டும், அப்பறம் பாரு" என்பார். வருடக்கணக்காக வரவில்லை. பிறகு ஒரே ஒரு ஞாயிறு அந்த வெளிச்சம் வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்திருந்த முதல் வருடம். லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. அன்று வழியில் அம்மா அப்பாவின் சட்டையை இரண்டு முறை தொட்டாள். அதுவரை ஒரு நடைக்கு ஒரு முறைதான் தொடுவாள். அப்பா இரண்டு முறையும் தலையாட்டிவிட்டு வேகமாக நடந்தார். வீட்டில், "பேசலாமா?" என்றாள். குரல் கரகரத்தது. கொஞ்ச நாளாகவே அப்படித்தான். வகுப்பில் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருக்கிறது என்று எல்லோரும் சொன்னோம். அவளும் அப்படித்தான் சொன்னாள்.

அன்றும் "மறந்துபோச்சுங்க" என்றாள்.

பிறகு மருத்துவமனை, பரிசோதனை. தொண்டையில் புற்று. உயிரைக் காப்பாற்றக் குரல்வளையை எடுக்க வேண்டியிருந்தது. உயிர் தப்பியது. அம்மா பள்ளியிலிருந்து ஒரு சிலேட்டுப் பலகையைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டாள்.

அதன்பின் அப்பா வண்ணப் பெட்டியைத் தொடவில்லை. ஆனால் ஞாயிறு நடை நிற்கவில்லை. இப்போது திரும்பி வரும் வழியெல்லாம் அவரே பேசுவார். அலுவலகம், மீன் விலை, கடல்காரர் இறந்த நாளில் முடிக்காமல் விட்ட கப்பல் படம், எதுவும் விடாமல். அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டபடி வருவாள். ஒருநாள் சுண்டல்காரர் என்னைத் தனியாக நிறுத்தி, "சார் இப்போ நிறுத்தாம பேசிக்கினே போறாரேப்பா" என்றார். அவர் கேலி செய்யவில்லை.

ஒரு முறை அப்பா அவளிடம் கேட்டே விட்டார். "தூறல்ல வந்தோமே, அன்னிக்கு என்ன சொல்ல வந்தே டீச்சர்? விழுங்கறப்போ வலிக்குதுன்னா?" அம்மா பலகையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு பலகையில் கோணாமல் எழுதினாள்: மறந்துபோச்சுங்க. சிரித்துக்கொண்டே முந்தானையால் துடைத்துவிட்டாள். பத்து வருடம் முன்பு படித்த பிள்ளையின் தகப்பன் பெயர்வரை மறக்காதவள் அவள்.

இப்போது லஸ் முனையில் அந்தப் புத்தகக் கடை இல்லை. புத்தகத்தின் முதல் பக்கத்தில் அச்சிட்டிருந்த தேசமே அந்தப் பெயரில் இல்லை. மந்தைவெளி வீடு இருந்த இடத்தில் ஐந்து மாடி நிற்கிறது. சிலேட்டுப் பலகை எப்போது உடைந்தது என்று நினைவில்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அந்தத் தூறல் நாள் அலை மட்டும் என் கூடத்துச் சுவரில் இருக்கிறது. பழுப்பு அலை, நம் கடலின் நிறம். உச்சியில், மடங்கும் இடத்தில், உள்ளிருந்து மங்கலாக ஒரு வெளிச்சம். அப்பா நினைவில் கொண்டுவந்து சேர்த்த ஒரே கடல்.

"பேசலாமா" என்று அம்மா கேட்பாளே, அதில் நடு எழுத்தை இழுப்பாளா, கடைசி எழுத்தையா? நேற்றிலிருந்து ஜன்னலைத் திறந்துவைத்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். சொல் வருகிறது. குரல் வரவில்லை.